பையில் ஒரு பிள்ளை, அடிமரத்தில் ஒரு காளான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். இந்த வருடக் கண்காட்சிக்கு வழக்கமான எரிமலையும் நீர்ச்சுழற்சியும் வேண்டாம் என்று நினைத்து ஒரு வேலை செய்தேன். உயிரினங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டேன். ஜோடி ஜோடியாக வந்து இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். வந்த இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். சோழநாட்டுப் பிள்ளைகள் இல்லையா, குடவோலை முறை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவருக்கு வந்த சீட்டுகள்: ‘சுகர் கிளைடர்’, ‘மரத்தை அழுக வைக்கும் பூஞ்சை’. “சார், வேற சீட்டு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அன்று கூட்டம் மொய்த்தது அந்த மேசையில்தான். தோப்புக்காரர்கள் நின்று கேட்ட கேள்விகளுக்குப் பிள்ளைகளால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதிக்கு நான் சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த சுகர் கிளைடர் எது?

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கக் காடுகளில் வாழும் சின்னஞ்சிறு பைப்பாலூட்டி. நம் வேலியில் ஓடுகிற அணிலை நினைத்துக்கொள்ளுங்கள். உருவம் ஏறக்குறைய அவ்வளவுதான். எடை 90 முதல் 150 கிராம். கும்பகோணத்தில் நூறு கிராம் காப்பித்தூள் பொட்டலம் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாம்பல் நிறம், நெற்றியில் தொடங்கி முதுகோடு போகும் ஒரு கறுப்புக் கோடு, அந்தச் சின்ன முகத்துக்குக் கொஞ்சம் அதிகமான கண்கள். இரவில்தான் நடமாட்டம்.

முன்னங்காலின் கடைசி விரலில் தொடங்கிப் பின்னங்காலின் முதல் விரல் வரை, விலாவோடு ஒரு தோல் மடிப்பு உண்டு. கிளையிலிருந்து குதித்து நான்கு காலையும் விரித்தால் அது பாய்போல விரியும். பறவை மாதிரி இறக்கை அடிக்காது, சறுக்கிக்கொண்டு இறங்கும். அப்படி 50 மீட்டர் வரை போகும். 25 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பாக இருந்தால் ஒரு மரத்தில் புறப்பட்டு ஆறாவது மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ரொம்ப காலம் இதை ஒரே இனம் என்றுதான் எழுதிவந்தார்கள். 2020இல் ஆராய்ந்து பார்த்து மூன்று இனமாகப் பிரித்துவிட்டார்கள். ஒப்பிடுவதற்கு அந்த வித்தியாசம் தேவையில்லை; மூன்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

பார்த்தால் அணில் மாதிரி இருக்கிறது. அணில் ஜாதி என்று சொல்லக்கூடாதா?

கூடாது. இதன் சொந்தம் கங்காருவோடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் அணில் இருக்கிறது. அதற்கும் இதே மாதிரி தோல், இதே மாதிரி சறுக்கல். ஆனாலும் இரண்டும் தனித்தனிக் குடும்பம். மரத்துக்கு மரம் தாவ வேண்டிய பிழைப்பு இரண்டுக்கும் ஒன்று. அதனால் உடம்பும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

வித்தியாசம் பிள்ளை பெறுவதில் தெரியும். கிளைடர் 16 நாளில் ஈன்றுவிடும். கோழி முட்டைக்கே 21 நாள் வேண்டும்! பிறக்கும் குட்டி 0.2 கிராம், பத்துப் பன்னிரண்டு நெல்மணியின் எடை. கண் கிடையாது, காது கிடையாது, முடி கிடையாது. முன்னங்கால்கள் மட்டும் ஓரளவு உருவாகியிருக்கும். அதை வைத்துக்கொண்டே தாயின் வயிற்றுமுடியைப் பிடித்துத் தவழ்ந்து பைக்குள் போய்க் காம்பைக் கவ்விவிடும். அப்புறம் ஏறக்குறைய 70 நாள் பைவாசம். மாணவிகள் மேசையில் ஒரு சின்னத் தட்டில் பன்னிரண்டு நெல்லை எண்ணி வைத்து ‘பிறந்த குழந்தை’ என்று எழுதியிருந்தார்கள். படங்களைவிட அந்தத் தட்டைத்தான் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

பக்கத்தில் வைத்திருந்த பூஞ்சை எது? கட்டை மாதிரி இருந்ததே?

அது கானோடெர்மா. நம் தோப்புகளில் சீக்குத் தென்னையின் அடியில் அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காளான். ஒரு மாணவியின் சித்தப்பா தோப்பிலிருந்து அரிவாளால் பெயர்த்துக் கொண்டுவந்தது. மேல்பக்கம் வார்னிஷ் அடித்த நாற்காலிபோல செம்பழுப்பில் பளபளக்கும். ஓரம் மட்டும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும், அங்கேதான் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளுப்பு. குண்டூசியால் குத்தியதுபோல கணக்கில்லாத துளைகள். நகத்தால் கீறினால் கீறல் பழுப்பாகிவிடும். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் இனிஷியலைக் கீறிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் பழைய பஸ்ஸின் சீட் முதுகு மாதிரி ஆகிவிட்டது.

கண்ணில் படுகிற இந்தத் தட்டு பூஞ்சையின் ‘காய்’ மட்டும்தான். உண்மையான உடம்பு கட்டைக்குள்ளே நூலைவிட மெல்லிய இழைகளாக ஓடிக்கொண்டிருக்கும்.

விலங்கையும் காளானையும் ஒப்பிடுவது முடிச்சுப் போடுகிற வேலை இல்லையா? காளான் செடி வகைதானே?

அதிகம் பேர் கேட்டது இதுதான். காளான் செடி இல்லை. 1969இல் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோதே பூஞ்சைக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார். நம் பாடப்புத்தகத்திலும் அது உண்டு. 1990களில் மரபணுக்களை வைத்துப் பார்த்தபோது இன்னொரு சங்கதி தெளிவானது: பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தம் விலங்குகள். மரம் செடி கொடி எல்லாம் அதைவிட எட்டிய உறவு.

நம்மூர் பாஷையில் சொன்னால் கிளைடரும் கானோடெர்மாவும் பங்காளிகள், தென்னை அசலார். பங்காளி என்றாலும் பிரிந்து நூறு கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. பத்திரிகை வைக்கிற அளவுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் குடும்ப ஜாடை இருக்கிறது. இரண்டாலும் சூரிய ஒளியில் சமைக்க முடியாது. பிறர் சேர்த்து வைத்ததைத்தான் தின்ன வேண்டும். மரம் தன் மிச்சத்தை மாவுச்சத்தாகச் சேமிக்கும். விலங்கும் பூஞ்சையும் கிளைகோஜனாகச் சேமிக்கும். வண்டின் ஓட்டில் இருக்கிற கைட்டின்தான் காளானின் செல் சுவரிலும் இருக்கிறது.

இரண்டும் மரத்தைத்தான் தின்கின்றன என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். கிளைடர் மரம் தின்னுமா?

மரத்தின் சாற்றைக் குடிக்கும். தைலமரத்தின் பட்டையைப் பல்லால் கீறி, வடிகிற இனிப்புச் சாற்றை நக்கும். கருவேல இனத்து மரங்களின் பிசினையும் விடாது. பூவிலிருந்து தேன், மகரந்தம், அப்புறம் புழு பூச்சி. பேரில் சர்க்கரை வந்ததே இந்த இனிப்பு ஆசையால்தான். பாளை சீவிக் கலயம் கட்டுகிறவர்களைப் பார்த்த நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கிளைடருக்கு அரிவாளும் கலயமும் கிடையாது, அவ்வளவுதான்.

பூஞ்சைக்கு இனிப்பெல்லாம் வேண்டாம், கட்டையே போதும். மரம் கட்டையாக நிற்பதற்குக் காரணம் லிக்னின் என்ற பொருள். செங்கல்லுக்கு நடுவே சிமெண்டுக் கலவை மாதிரி, நார்களுக்கு நடுவே இறுகிக் கிடக்கும். மாடு தின்றாலும் செரிக்காது. இதை முழுசாக உடைக்கத் தெரிந்த உயிர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. அந்தக் குறைவான கூட்டத்தில் முதல் வரிசை கானோடெர்மா போன்ற வெள்ளை அழுகல் பூஞ்சைகளுக்கு. வேறொரு கூட்டமும் உண்டு, பழுப்பு அழுகல் பூஞ்சைகள். அவை லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மற்றதைத் தின்னும். வீட்டு உத்தரத்தைப் பார்த்தே எது வந்துபோனது என்று சொல்லிவிடலாம்: கட்டை வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் முதல் வகை, பழுப்பாகிக் கோடை வயல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் தூளானால் இரண்டாவது.

சாப்பிடும் முறையும் வேறு. கிளைடர் நம்மைப்போல முதலில் விழுங்கும், அப்புறம் செரிக்கும். பூஞ்சை முதலில் செரிக்கும், அப்புறம் விழுங்கும். இழைநுனியிலிருந்து நொதிகளைக் கட்டைமேல் கசியவிட்டு, கட்டை கூழானதும் உறிஞ்சிக்கொள்ளும். வயிறு வெளியே இருக்கிறது என்று மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வரவில்லை.

பிள்ளைகள் எத்தனை?

கிளைடருக்கு ஒரு ஈற்றில் ஒன்று, அல்லது இரண்டு. கானோடெர்மா இனத்தில் ஒரு பெரிய காளான் ஒரே நாளில் 3,000 கோடி வித்துகள் வரை உதிர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் உதிர்க்கும். உலக மக்கள்தொகையே 800 கோடிச் சொச்சம்தான். அதில் எத்தனை வித்து கட்டையில் விழுந்து முளைத்து இன்னொரு காளானாகும்? கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஒன்றைப் பையில் கட்டிச் சுமப்பதும், கோடிக்கணக்கில் காற்றில் தூற்றுவதும் ஒரே கவலைக்கு இரண்டு வைத்தியம். காளான் இருக்கும் இடத்தைச் சுற்றி, கீழே உதிர்ந்த மட்டைமேல் கோகோ பொடி தூவியதுபோல பழுப்புத் தூள் படிந்திருந்தால், அது தூசி இல்லை, அவ்வளவும் வித்து.

எது பெரியது?

தனி ஆளாகப் பார்த்தால் பூஞ்சைதான், போட்டியே கிடையாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆர்மிலேரியா என்ற மரந்தின்னிப் பூஞ்சை ஒன்று, காட்டுக்கடியில் ஏறக்குறைய 965 ஹெக்டேருக்குப் பரவியிருக்கிறது. அவ்வளவும் ஒரே உயிர். தஞ்சாவூர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன்: ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியானால் 350 வேலிக்கு மேல். அந்தக் காலத்துப் பெரிய மிராசுதாருக்குக்கூட மூச்சு வாங்கும். வயது 2,000 வருடத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள், கரிகாலன் காலத்து ஆள். கிளைடர் கூண்டில் இருந்தால் 12 வருடம் வாழலாம். காட்டில் அவ்வளவு கிடையாது.

சரி, இரண்டும் எங்காவது நேரில் சந்திக்குமா?

சந்திக்கும். பொந்தில்.

கிளைடர் பகலில் மரப்பொந்தில் தூங்கும். பெரியவை ஏழு வரையும் அவற்றின் குட்டிகளும் ஒரே பொந்தில், இலை பரப்பிய மெத்தையில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். இலையை வாலில் சுருட்டிக்கொண்டு வருகிற சாமர்த்தியம் தனி. குளிர் அதிகமானால் உடம்புச் சூட்டைத் தாழ்த்தி, மணிக்கணக்கில் கட்டை மாதிரி கிடந்து சக்தியை மிச்சம்பிடிக்கும். பொந்து இல்லையென்றால் இந்தக் குடித்தனமே இல்லை.

அந்தப் பொந்தை யார் குடைந்தது? நம் ஊரில் கேட்டால் மரங்கொத்தி என்போம். ஆனால் ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. ஒரு இனம்கூட இல்லை. அங்கே தச்சுவேலை முழுவதும் பூஞ்சை, கறையான், தீ மூன்றும் செய்தாக வேண்டும். கிளை முறிந்த இடத்திலோ தீ சுட்ட வடுவிலோ பூஞ்சை நுழையும், கட்டையை மென்மையாக்கும், கறையான் வந்து மீதியை அள்ளும். அவசரமில்லாத வேலை. ஒரு தைலமரத்தில் உருப்படியான பொந்து விழ நூறு வருடம் ஆகும், பெரிய பொந்துக்கு இருநூறுகூட ஆகும். அப்படி விழுந்த பொந்துகளை நம்பி அந்த நாட்டில் ஏறக்குறைய 300 வகை முதுகெலும்பு உயிர்கள் இருக்கின்றன: கிளைடர், கிளி, ஆந்தை, வௌவால், பாம்பு.

ஆக, சீட்டில் வந்த இரண்டில் ஒன்று வீடு கட்டுகிற கொத்தனார், இன்னொன்று வாடகை தராமல் குடியிருக்கிற ஆள். பானையில் கைவிட்டு எடுத்தபோது அந்தப் பிள்ளைகளுக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது.

அங்கே வீடு கட்டுகிற பூஞ்சை, இங்கே நம் தென்னையை மட்டும் ஏன் கொல்கிறது?

ஒரத்தநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம்.

முதல் விஷயம், இரண்டும் ஒரே இனம் இல்லை. தைலமரத்தின் நடுக்கட்டையைக் குடைவது வேறு பூஞ்சைகள். ஆனால் பெரிய காரணம் மரத்தில் இருக்கிறது.

வேம்பையோ புளியையோ குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவில் நிறம் ஏறிய பகுதி, ஆசாரிகள் வைரம் என்பார்கள். ஓரத்தில் வெளுத்த வளையம். வைரம்தான் உறுதி, ஆனால் உயிர் அங்கே இல்லை. தண்ணீர் ஏறுவது வெளுத்த வளையத்தில். ஆகவே பூஞ்சை நடுவை மட்டும் தின்றால் மரத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. உள்ளே குழாய் மாதிரி வெறுமையாகி, வெளியே பூத்துக் காய்த்துக்கொண்டு நூறு வருடம் நிற்கும். சாலையோரப் புளியமரங்களில் ஆள் நுழைகிற பொந்து இருந்தும் வருடா வருடம் ஏலம் போவது இதனால்தான்.

தென்னை அப்படி இல்லை. அதற்கு வைரம் பாய்ந்த செத்த நடுப்பகுதி கிடையாது. தண்ணீரும் சத்தும் கடத்தும் நரம்புகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்பக்கம் நெருக்கம், உள்ளே இடைவெளி அதிகம். அறுத்த தென்னையின் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அவைதான். எங்கே தின்றாலும் உயிருள்ள இடத்தில்தான் வாய் வைக்க வேண்டும். போதாததற்குக் கானோடெர்மா நுழைவது வேரிலும் அடியிலும். அடி அழுகினால் ஐம்பதடி உயரத்தில் இருக்கும் குருத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

தொல்காப்பியத்தின் மரபியல் இதை ரொம்ப முன்பே பிரித்துவைத்திருக்கிறது. வெளியே காழ் உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம். காழ் என்றால் வைரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் தென்னையை நெல்லும் மூங்கிலும் இருக்கும் ஒருவித்திலைப் பக்கம்தான் வைத்திருக்கிறது. அந்த வரியைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் பண்ணும்போது, ஒரு நோயின் காரணம் அதற்குள் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தஞ்சாவூர் வாடல் என்பது இதுதானா? நம் ஊர்ப் பெயர் எப்படி வந்தது?

இதேதான். அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். 1952இல் அடித்த புயலுக்குப் பிறகு அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இந்த நோய் பெரிதாகக் கவனத்துக்கு வந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. புயலும் இதுவும் சேர்ந்து வருவதில் ஆச்சரியம் இல்லை. வேர் அறுந்த மரங்களும், மண்ணுக்குள் விட்டுப்போன செத்த கட்டைகளும் பூஞ்சைக்கு விருந்து.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டது. அப்புறம் கட்டைகளை அகற்ற வந்தவர்கள் மேலே தெரிந்ததை மட்டும் அறுத்துக்கொண்டு, வேர்க்கட்டைமேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். நாங்களும் தோப்பு சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாவது வருடம், மூடிய குழிக்குப் பக்கத்து மரத்தின் அடியில் சாறு வடிய ஆரம்பித்தது.

எங்கள் மரத்துக்கு வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வந்தால் என்ன செய்வது?

அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து பாருங்கள். தரையை ஒட்டிய அடித்தண்டில் வெடிப்பு விட்டு, செம்பழுப்பாக ஒரு பிசுபிசுப்பான சாறு கசியும். காய்ந்தால் கறுத்து, வெற்றிலை எச்சில் துப்பிய சுவர் மாதிரி இருக்கும். கசிவு வரவர மேலே ஏறும். அதற்குள் அடிமட்டைகள் பழுத்துத் தண்டோடு ஒட்டித் தொங்கும், குரும்பை கொட்டும், குருத்து சிறுத்துவிடும். காளான் கடைசியில்தான் வரும். சில மரங்களில் வராமலே மரம் செத்துவிடும். காளானைப் பார்த்துவிட்டு வைத்தியம் தேடுவது, பத்திரிகை அச்சடித்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

மணற்பாங்கான நிலம், கோடையில் ஈரம் வற்றும் தோப்பு, பராமரிப்பு இல்லாத மரம், இவற்றுக்குத்தான் அதிக ஆபத்து. முற்றிய மரத்தைக் காப்பாற்ற முடியாது. வெட்டி, அடிக்கட்டையோடு வேரையும் தோண்டி எடுத்து எரிக்க வேண்டும். தண்டை வெட்டிவிட்டு வேரை விட்டால் எங்கள் கதைதான். பக்கத்து மரங்களுக்குப் போகாமல் சுற்றிப் பள்ளம் வெட்டலாம். நோய் உள்ள தோப்பில் உழவு ஓட்டாதீர்கள். மரத்துக்கு மரம் பாய்கிற மாதிரி தண்ணீர் விடாதீர்கள், தனித்தனிப் பாத்தி கட்டுங்கள். மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி. இந்த டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், பூஞ்சையைத் தின்கிற பூஞ்சை. தண்ணீர் வசதி இருந்தால் ஊடே வாழை வையுங்கள். மருந்து அளவுக்கு என்னைக் கேட்காதீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இந்த நோயோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அந்தக் காளானைச் சமைக்கலாமா?

பல் போகும். சீனாவில் இந்த வகையைச் சேர்ந்த காளான்களை மருந்தாகக் காய்ச்சிக் குடிப்பார்கள் என்பது உண்மை. அதற்காகத் தோப்பில் முளைத்ததை யாரும் கஷாயம் போட வேண்டாம்.

ஆனால் மரந்தின்னிப் பூஞ்சை ஒன்றை நீங்கள் ஏற்கெனவே தின்றிருப்பீர்கள். சந்தையில் விற்கிற சிப்பிக்காளான் இயல்பில் மரக்கட்டையில் வளர்கிற வெள்ளை அழுகல் பூஞ்சைதான். அதைப் பையில் அடைத்த வைக்கோலில் வளர்க்கப் பழக்கிவிட்டோம். இதுவும் பைக்குள் பிள்ளை என்று ஒரு பெற்றோர் சொன்னார்.

கிளைடர் காளான் தின்னுமா?

கிளைடருக்கு அது முக்கிய உணவு இல்லை. ஆனால் அதே நாட்டில் பொட்டரூ, பெட்டாங் என்று எலி மாதிரி தாவும் சின்னப் பைப்பாலூட்டிகள் உண்டு. அவை மண்ணுக்குள் விளைகிற காளான் கிழங்குகளைத் தோண்டித் தின்றே காலம் தள்ளுபவை. தின்றுவிட்டு வேறிடத்தில் புழுக்கை போட, வித்து பரவும். அந்தக் காளான்கள் மரம் தின்பவை இல்லை, உயிருள்ள வேரோடு ஒட்டிக்கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்பவை. அந்தச் சீட்டு வந்திருந்தால் ஒப்பீடு சுலபமாகப் போயிருக்கும்.

வீட்டில் வளர்க்கக் கிடைக்குமா? பையன் கேட்கிறான்.

வேண்டாம். கூட்டமாக வாழும் இரவு விலங்கு. ஒற்றையாகக் கூண்டில் போட்டால் வதைதான். பையனுக்கு அணிலைக் காட்டுங்கள்.

அங்கே தைலமரத்தில் பொந்து விழுகிறது. நம் பக்கத்துத் தைலமரங்களில் ஏன் ஒன்றும் இல்லை?

ஆறேழு வருடத்தில் காகித ஆலைக்கு வெட்டிவிடுகிறோம். பொந்துக்கு நூறு வருடம் வேண்டும்.

இதே சிக்கல் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. விக்டோரியா மாநிலத்தின் சின்னமான லெட்பீட்டர் பாசம், கிளைடரின் உறவுக்காரப் பிராணி, அழிந்தேவிட்டது என்று நினைத்து 1961இல்தான் மறுபடி கண்டார்கள். அதற்கும் கிழட்டு மரத்துப் பொந்துதான் வேண்டும். மரம்வெட்டும் தொழிலும் காட்டுத்தீயும் கிழட்டு மரங்களைக் குறைத்துக்கொண்டே வந்தன. பலகையில் பெட்டி செய்து மாட்டிப் பார்த்தார்கள். அது உதவும், ஆனால் வெயில் நாளில் மெல்லிய பலகைப் பெட்டி அடுப்பாகிவிடும். கனத்த மரத்தின் பொந்து அவ்வளவு சூடாகாது. பூஞ்சை கட்டின வீட்டுக்கு ஈடாக ஆசாரி கட்டுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் கிளைடர் சாது, பூஞ்சைதான் ஊருக்கு ஊர் ஒரு வேஷம், சரியா?

கிளைடரும் சாது இல்லை. தாஸ்மேனியாத் தீவுக்கு அது சொந்த ஊர்க்காரன் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் கொண்டுபோய் விட்டதாகக் கருதுகிறார்கள். அங்கே விரைகிளி என்று ஒரு பச்சைக்கிளி பொந்தில் கூடு வைக்கும். இரவில் கிளைடர் உள்ளே புகுந்து முட்டையைத் தின்னும், குஞ்சைத் தின்னும், அடைகாக்கிற தாய்க்கிளியையும் தின்றுவிடும். அந்தக் கிளி இனம் அழிவின் விளிம்புக்கு வந்ததில் இதற்குப் பெரிய பங்கு. காப்பித்தூள் பொட்டலம் அளவு பிராணி! இதைச் சொன்னபோது அதுவரை ‘அச்சோ’ என்று படத்தைத் தடவிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையை எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் பொந்துக்குக் குடித்தனக்காரர் யார்?

பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, மரங்கொத்தி. உயிரோடிருக்கும் புளியிலும் இருப்பார்கள். மொட்டைத் தென்னையிலும் பனையிலும் இருப்பார்கள். வெளிக்காழ் மரம் செத்தால் நடுச்சோறு சீக்கிரம் அழுகி, வெளி ஓடு மட்டும் குழாயாக நிற்கும். பனையைப் பிளந்து உள்ளே குடைந்து வாய்க்காலுக்குக் குறுக்கே தண்ணீர் கடத்துவார்களே, அதே சங்கதி. இங்கே குடைகிற வேலையைப் பூஞ்சை செய்கிறது. மரங்கொத்தி துளை போடும், கிளி விரிவாக்கும், சண்டை நடக்கும்.

கண்காட்சியில் பரிசு கிடைத்ததா?

மூன்றாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு. எப்படியோ ஒருவர் செய்துகொண்டு வந்துவிட்டார்.

செத்த தென்னையைக் கிளிக்காக அப்படியே விட்டுவைக்கலாமா?

எதனால் செத்தது என்பதைப் பொறுத்தது. வாடல் நோயில் செத்த மரம் என்றால் இரக்கமே வேண்டாம். முன்பு சொன்னதுபோல வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், கூட்டில் குஞ்சு இருந்தால் பறக்கும்வரை பொறுத்துவிட்டு. இடி விழுந்தோ காண்டாமிருக வண்டு குருத்தைத் தின்றோ செத்தது, அடியில் கசிவோ காளானோ இல்லை, வீட்டின்மேலும் பாதையின்மேலும் விழாத தூரம் என்றால் விட்டுவைக்கலாம். எங்கள் தோப்பின் மேற்கு மூலையில் இடி விழுந்த மொட்டை ஒன்று அப்படித்தான் நிற்கிறது. விறகுக்குக் கேட்டு இரண்டு பேர் வந்துபோனார்கள். தரையிலிருந்து இருபதடி உயரத்தில் ஒரு துளை. தை மாதம் கிளி இருந்தது, இப்போது மைனா பிடித்துக்கொண்டுவிட்டது. அந்த இரண்டு மாணவிகளும் சனிக்கிழமை வந்து எண்ணிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் அடியில் சுரண்டிப் பார்த்து, “கசியல சார்” என்று அவர்களாகவே சொன்னார்கள்.